எட்டாத அறை

அத்தியாயம் 7

ரேடியோவுக்கு அன்று மத்தியானம் இருந்த ஒரே குறை, அந்த அறையில் வைஃபை எடுக்கவில்லை என்பதுதான். அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டதற்காக இன்னும் ஒரு மணி நேரத்தில் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றும் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

ரேடியோ என்பது பட்டப்பெயர். வாயைத் திறந்தால் மூடமாட்டான், மெல்லப் பேசவும் வராது. துப்பறியும் அலுவலகத்தை நடத்துவது அவனுடைய அண்ணி. அண்ணனுக்குக் கப்பலில் வேலை; வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பான். கொழுந்தன் நாளுக்கு நூறு தடவை 'அண்ணி' என்று கத்தியதில், தலை நரைத்த போலீஸ்காரர்கள்கூட அவளை அண்ணி என்றே கூப்பிடப் பழகிவிட்டார்கள்.

மூன்று நாளாக இருவருக்கும் பொழுது மருந்துக்கடைக்காரர் வீட்டில்தான் போய்க்கொண்டிருந்தது. அவருடைய மனைவி காணாமல் போய் ஒன்பது நாள். சிம் கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, வெறும் போனோடு போயிருந்தாள். மனநிலை சரியில்லாதவள், வேளாவேளைக்கு மாத்திரை போடாவிட்டால் என்ன செய்துகொள்வாளோ என்று அவர் கண் கலங்கினார். டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம் ஒன்றையும் காட்டினார். "கண்டுபிடிச்சு என்கிட்ட மட்டும் சொல்லுங்க மேடம். மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொன்னபோது ரேடியோ ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவ்வளவு மெல்லிய குரல் அவருக்கு. சாவியை இவர்களிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போவார், மத்தியானம் சாப்பிட வருவார்.

பின்னறைதான் மனைவியின் அறை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி நிறையக் கணக்கு நோட்டுகள். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கட்டிலை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. இரண்டு வீட்டுக்கும் அந்த ஒரே சுவர்தான்.

"அண்ணி, இந்த ரூம்ல வைஃபை ஒரு கோடுகூட காட்டல. என் போன் சிக்னலும் நொண்டுது. நான் எப்படி வேலை பாக்கறது?"

"நீ வேலை பாக்கறதுக்கு வைஃபை மட்டும்தான் குறையா?" நோட்டைப் புரட்டிக்கொண்டே அண்ணி கேட்டாள்.

"நடையில ரெண்டு கோடு வருது. அங்க ஃப்ரிட்ஜ் மேல என் புது போனை வெச்சுட்டேன். அது வீட்டு வைஃபையைப் பிடிச்சு, அதையே ஹாட்ஸ்பாட்டா இந்தப் பக்கம் விடும். எல்லா போன்லயும் இது வராது. என்னோடதுல வரும்." மார்பைத் தட்டிக்கொண்டான். "பேரு, பாஸ்வேர்டு ரெண்டும் வீட்டு வைஃபையோடதையே போட்டுட்டேன். லேப்டாப்புக்கு வித்தியாசமே தெரியாது, தானா வந்து ஒட்டிக்கும். புதுசா ஒரு பேரு யோசிக்க நான் என்ன கவிஞனா?"

அண்ணி நோட்டை மூடினாள். "ஏன் எட்டல?"

"என்னது?"

"வீடே முப்பது அடி நீளம். முன்னறையில இருக்கிற வைஃபை பின்னறைக்கு ஏன் எட்டல?"

அவள் எழுந்து முன்னறைக்குப் போனாள். ஜன்னல் வழியாக வந்த ஒயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். அது சுவரோரமாக ஓடி, இரும்பு பீரோவின் முதுகில் போட்டிருந்த ஒரு துளைக்குள் நுழைந்தது. பீரோ பூட்டியிருந்தது.

"ரவுட்டரை பீரோவுக்குள்ளயா வெச்சிருக்கார்?" ரேடியோ சிரித்தான். "திருடன் பயம்போல."

"வெள்ளித் தட்டு, டம்ளர் எல்லாம் திறந்த அலமாரியில கெடக்கு. ரவுட்டருக்குப் பூட்டு." துளையின் விளிம்பை அண்ணி விரலால் தடவினாள். "இரும்புப் பெட்டிக்குள்ள வெச்சா என்ன ஆகும்?"

"பின்னறைக்கு எட்டாது."

"எட்டக்கூடாதுன்னுதான் வெச்சிருக்கார்."

ரேடியோவின் சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணி விடுவிடுவென்று பின்னறைக்குத் திரும்பி, கதவை முழுதாகத் திறந்து வைத்துப் பார்த்தாள். தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கம் இருந்தது. உள்பக்கம், பழைய தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகளை மக்குப் பசை வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். மூன்று நாளாக அந்தக் கதவு வழியாகப் போய்வந்த இருவரும் அதைப் பார்த்திருக்கவில்லை.

"அண்ணி, நம்மளைக் கூப்பிட்டது…"

"தப்பிச்சுப் போனவளைப் பிடிச்சுக் குடுக்க." அவள் குரல் இறங்கியிருந்தது. தன் போனை எடுத்து மளமளவென்று படம் பிடித்தாள். "பெரிய தப்புப் பண்ணிட்டோம்டா. நமக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அனுப்பறேன். நீ லேப்டாப்பை எடு, அவர் வர்றதுக்குள்ள கெளம்பலாம்."

முதலில் போனை எடுத்துக்கொள்வோம் என்று ரேடியோ நடைக்கு ஓடினான். ஃப்ரிட்ஜ் மேலிருந்து கையில் எடுத்தவன், பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தான். பயந்தால் அவன் குரல் இன்னும் பெரிதாகும்.

"அண்ணி! ஹாட்ஸ்பாட்ல ரெண்டு பேர் இணைஞ்சிருக்காங்கன்னு காட்டுது! ஒண்ணு நம்ம லேப்டாப். இன்னொண்ணு…"

பெயரைப் படித்தான். திரையில் 'கணக்கு டீச்சர்' என்று இருந்தது.

"இன்னொண்ணு யாரு தம்பி?"

மெல்லிய குரல் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. வாசல் கதவு எப்போது திறந்தது என்றே தெரியவில்லை. கையில் கடைச் சாவிக்கொத்துடன் மருந்துக்கடைக்காரர் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

ரேடியோ திரும்பினான். அவர் கை நீட்டினார், குழந்தையிடம் பொம்மையைக் கேட்பதுபோல. ஃப்ரிட்ஜில் ஒழுகும் தண்ணீருக்காகக் கீழே ஒரு வாளி இருந்தது. போன் வாங்கிப் பதினேழு நாள்தான் ஆகியிருந்தது. ரேடியோவின் கை தளர்ந்தது. 'பொளக்' என்று ஒரு சத்தம்.

"ஐயையோ! சார், கை வழுக்கிடுச்சு!"

அவர் வாளியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"இன்னொண்ணு என் போன்தான்" என்று பின்னறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. அவள் சுவரில் சாய்ந்து கட்டிலில் உட்கார்ந்து, கைப்பைக்குள் தலையை விடாத குறையாக எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். "தலைவலி பிளக்குது. மாத்திரையை எங்க போட்டேன்னே தெரியல."

"நான் தரேன் மேடம். வீட்டுலயே நிறைய இருக்கு."

"வேண்டாம். என்கிட்ட இருக்கிறதுதான் எனக்கு ஒத்துக்கும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதே பேரு, அதே பாஸ்வேர்டு. அப்படித்தானே தம்பி போட்டிருந்தீங்க?"

"ஆ… ஆமா சார். சோம்பேறித்தனம்."

"நல்ல யோசனை. எனக்கு ஒன்பது நாளா தோணல." அவர் தன் போனை எடுத்தார். "அவ போன்ல சிம் இல்ல. ஆனா பாஸ்வேர்டு அதுக்குள்ள இருக்கும். வைஃபைய அணைக்கற பழக்கம் யாருக்கும் கிடையாது. நானும் அப்படியே போட்டு வெச்சா, பக்கத்துல எங்கயாவது இருந்தா அதுவா வந்து சொல்லிடும், இல்ல?"

விரல்கள் நிதானமாகத் தட்டின. ஓடிப்போய் அந்தப் போனைப் பிடுங்கலாம் என்று ரேடியோ நினைத்தான்; நினைத்ததோடு சரி, உடம்பு அசையவில்லை. ஒரு பெண் ஒன்பது நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்க, அவளைத் தன் சோம்பேறித்தனம் காட்டிக்கொடுக்கப் போகிறது என்று நினைத்தபோது அழுகை வந்தது.

"ஒண்ணு" என்றார் அவர்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோவின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி மட்டும் கைப்பையிலிருந்து நிமிர்ந்து, "டேய், லேப்டாப்பை மூடுடா. அதுவா இருக்கும்" என்றாள்.

மேஜைமேல் லேப்டாப் திறந்தே கிடந்தது. மூடினான். எல்லோரும் அவருடைய திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். கொஞ்ச நேரம் எதுவும் மாறவில்லை. பிறகு ஒன்று பூஜ்யமானது.

அவர் எழுந்தார். போனை ஏந்திக்கொண்டு நடைக்குப் போனார், சமையலறைக்குப் போனார், துணி துவைக்கும் இடத்துக்குப் போய் அங்கிருந்த சுற்றுச்சுவர் பக்கம் நின்றார். ஒவ்வோர் இடத்திலும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கடைசியில் பின்னறைக்கே வந்து, அண்ணியின் தலைக்கு மேலே சுவரோடு போனை ஒட்டிப் பிடித்தார். அந்தச் சுவருக்கு அப்பாலிருந்துதான் மெஷின் சத்தம் வந்தது. ரேடியோ கண்ணை மூடிக்கொண்டான்.

"பூஜ்யம்" என்றார். குரலில் ஏமாற்றம் தெரிந்தது. பிறகு, ஏதோ சின்னச் சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டார்: "உங்க போன் ஏன் வந்து ஒட்டல மேடம்? தம்பியோடதுல ஒட்டுச்சே."

"சார்ஜ் போய் அணைஞ்சுடுச்சு."

"குடுங்க, போட்டுத் தரேன்."

"ஆஃபீஸ்ல போட்டுக்கறேன். இந்தத் தலைவலியோட இன்னிக்கு ஒரு வேலையும் ஓடாது." அண்ணி எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். அவர் வழியை விடாமல் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றார். அப்புறம் நகர்ந்தார்.

வாசலுக்கு வந்ததும் ரேடியோவுக்கு ஓடவேண்டும்போல இருந்தது. அண்ணி நின்றாள். அவர் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பையின் வாரை முழங்கைக்குள் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். தையல் பிரிந்து வந்தது.

"அட, வார் வேற அறுந்துடுச்சு. இங்கயே தைச்சுக்கிட்டுப் போயிடறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுப் படியேறினாள். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். போன் இன்னும் அவர் கையில் இருந்தது.

"அண்ணி, அவரோடது ஏன் பூஜ்யம் காட்டுச்சு?" ரேடியோ வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிசுகிசுத்தான்.

அவள் நடந்துகொண்டே பையைக் கொஞ்சம் திறந்து காட்டினாள். அணைந்துபோனதாகச் சொன்ன போன் உள்ளே வெளிச்சமாக இருந்தது. ஹாட்ஸ்பாட். அதே பெயர். 'இணைந்திருப்பவர்: 1. கணக்கு டீச்சர்.'

"மாத்திரை தேடறப்ப போட்டேன். ஒரு போன் ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் ஒட்டும். நான் சுவத்துல சாஞ்சு உக்காந்து அவளை முதல்ல பிடிச்சு வெச்சுக்கிட்டேன். ஆனா இப்ப நான் நகர்ந்துட்டேன். அவர் அங்கயே சுத்திட்டு இருக்கார். வேகமா வா."

அங்கே முன்னறைதான் தையல் கடை. தையல்காரம்மா கட்டையான, கண்ணாடி போட்ட பெண்மணி. மிதிப்பதை நிறுத்தாமலே இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, உள்ள இருக்கிற டீச்சரைப் போன்ல வைஃபையை அணைக்கச் சொல்லுங்க. இப்பவே."

"இங்க எந்த டீச்சரும் இல்ல."

"அவர் வீட்டுக்கு வந்தா உங்க மெஷின் ஓடுது, போனா நிக்குது. மூணு நாளா கேட்டுட்டு இருக்கேன். உள்ள யாராவது தும்மினாக்கூட அவர் காதுல விழக்கூடாதுன்னுதானே? நல்ல யோசனை. ஆனா போன் சத்தமே போடாம காட்டிக்குடுத்துடும். எங்களை நம்ப வேண்டாம், அதை மட்டும் அணைக்கச் சொல்லுங்க."

தையல்காரம்மாவின் கால் நின்றது.

மெஷின் நின்றதும் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் சத்தம் கேட்டது. ஓரடி, ஈரடி. பிறகு அந்த மெல்லிய குரல், பூனைக்குட்டியைக் கூப்பிடுவதுபோல.

"கண்ணு… இங்கதான் இருக்கியா கண்ணு?"

ரேடியோ பைக்குள் பார்த்தான். ஒன்று என்பது பூஜ்யமாக மாறியது.

அவளே அணைத்துவிட்டாளா, அல்லது அவள் போன் இங்கே விட்டுவிட்டு அவர் கையிலிருக்கும் போனோடு ஒட்டிக்கொண்டதா? இரண்டுக்கும் இங்கே பூஜ்யம்தான் காட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் நடை நின்றிருந்தது. தையல்காரம்மா கத்திரிக்கோலை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

உள் அறையின் திரைச்சீலை விலகியது. மெலிந்த ஒரு பெண், போனைத் தூக்கிக் காட்டினாள். திரை கறுப்பாக இருந்தது. போனையே அணைத்திருந்தாள். அண்ணி பேச ஆரம்பித்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் காலடிகள் மறுபடி கேட்டு, தேய்ந்து மறைந்தன.

"என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க?" என்றாள் டீச்சர்.

"அதுக்குத்தான் வந்தோம். தெரியாம வந்துட்டோம்மா." அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கதவையும் பீரோவையும் படம் பிடிச்சு இன்ஸ்பெக்டரம்மாவுக்கு அனுப்பியாச்சு. கெளம்பிட்டதா பதில் வந்துடுச்சு. இருபது நிமிஷம் பொறுத்துக்குங்க."

"அவர்கிட்ட டாக்டர் லெட்டர் இருக்கு. நான் என்ன சொன்னாலும் பைத்தியம் உளறுதுன்னு சிரிப்பார். தோள்ல கையைப் போட்டு மெதுவா உள்ள கூட்டிட்டுப் போயிடுவார். போன தடவை சுவரேறிக் குதிச்சேன். இனி அதுக்குத் தெம்பு இல்ல."

அப்போது அண்ணியின் பை அதிர்ந்தது. திரையில் 'மருந்துக்கடை' என்று வந்து வந்து போயிற்று. சத்தத்தை அணைத்து வைத்திருந்தாள், ஆனால் அதிர்ந்துகொண்டே இருந்தது.

"அண்ணி," ரேடியோவின் குரல் உடைந்தது, "அது செத்துப்போன போன்னு சொன்னோம்."

"ம். மணி போறது அவர் காதுல கேட்டிருக்கும்."

அதிர்வு நின்றது. மருந்துக்கடைக்காரர் வீட்டு வாசல் கதவு திறந்து மூடும் சத்தம். செருப்பு போடுகிறார். அவசரமே இல்லாத நடை, இந்தப் பக்கம்தான். டீச்சர் சுவரோடு ஒட்டிக்கொண்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். தையல்காரம்மா ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். அது மெல்லிசு, ஒரு தள்ளுக்குத் தாங்காது.

"இருபது நிமிஷம்" என்றான் ரேடியோ. "என்ன பண்றது அண்ணி? என்னால ஆள் அடிக்க முடியாது. கொசுவைக்கூட ரெண்டு தடவை யோசிச்சுதான் அடிப்பேன்."

"ஒன்பது நாளா அவர் போலீஸுக்குப் போகல. தெருவுல ஒருத்தர்கிட்டகூட விசாரிக்கல. 'என்கிட்ட மட்டும் சொல்லுங்க'ன்னார். அவருக்கு எதுடா பயம்?"

கதவில் மூன்று தட்டு. "மேடம், பை தைச்சாச்சா?"

ரேடியோ அண்ணியைப் பார்த்தான். இத்தனை வருஷமாக வாயை மூடு, வாயை மூடு என்று அவனைத் திட்டியவள், தெருப்பக்க ஜன்னல் கதவை விரியத் திறந்து வைத்தாள்.

"கத்துடா" என்றாள்.

"என்னன்னு கத்தறது?"

"உண்மையை. எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவு தூரம்."

ரேடியோ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். மூச்சை இழுத்துவிட்டுக் கத்தினான். "தெருவுல இருக்கிறவங்க எல்லாரும் வாங்க! மருந்துக்கடைக்காரர் வீட்டு டீச்சரம்மா இங்க இருக்காங்க! அவங்களை வெளித்தாழ்ப்பாள் போட்டுப் பூட்டி வெச்சிருந்தாரு! ரூம் கதவைப் போய்ப் பாருங்க! வாங்க, எல்லாரும் வாங்க!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சோப்பு நுரையோடு பாதி முகம் மழித்த ஒருவர் வெளியே வந்தார். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தார்கள். சைக்கிள் ஒன்று நின்றது. கோடிவீட்டிலிருந்து ஒரு கிழவர், "யாரு, நம்ம பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த டீச்சரா?" என்று கேட்டுக்கொண்டே தடியை ஊன்றி வந்தார். ரேடியோ ஆணித் துளைகளைப் பற்றிக் கத்தினான், பீரோவைப் பற்றிக் கத்தினான், வாளியில் செத்துப்போன தன் போனைப் பற்றியும் கத்தினான்.

டீச்சர் முகத்திலிருந்து கையை எடுத்தாள். பிறகு தானே போய்த் தாழ்ப்பாளை நீக்கி, கதவைத் திறந்து, வாசற்படியில் வெயிலில் நின்றாள். தையல்காரம்மா கத்திரிக்கோலோடு பக்கத்தில் நின்றாள்.

அவளுடைய தோளை நோக்கிப் பாதி நீண்ட மருந்துக்கடைக்காரரின் கை, கூடியிருந்தவர்களைப் பார்த்ததும் கீழே இறங்கியது. முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. அவர் எல்லோரையும் பார்த்து மெல்லிய குரலில் ஏதோ விளக்கிச் சொன்னார். ரேடியோ கத்துவதை நிறுத்தவில்லை, அதனால் அது யாருக்கும் கேட்கவில்லை.